துணைக்கு ஒரு ஆள்

(தலைப்பு: "ஐம்பது வயதுக்கு மேல் வாழ்க்கைக்குப் பிடிப்பைத் தருவது சொந்தக் குடும்பமா? ஊருக்குச் செய்யும் தொண்டா?" 'தொண்டே' என்ற அணியில், இராமநாதபுரம் மாவட்டம் அபிராமத்திலிருந்து வந்திருந்த, தையல் தொழில் செய்யும் ஒரு தாய் பேசியது.)

நான் பேசப் போறது எதிர்ல உட்கார்ந்திருக்கிற தாய்மார்கள்கிட்டதான்.

எனக்கு ஊரு அபிராமம்ங்கய்யா.

நடுவர்: அபிராமியா?

அபிராமி திருக்கடையூர்ல இருக்காக ஐயா. நாங்க மிளகாய்க் காட்டுல இருக்கோம். (சிரிப்பு) கமுதிக்குப் பக்கம். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சுதே, அந்த மிளகாய் விளையுற சீமை. மழை பேஞ்சா வெள்ளாமை, பேயாட்டி கருவேலங்கரி மூட்டம். பெரிய ஆஸ்பத்திரின்னா மதுரைக்குத்தான் ஓடணும். பார்த்திபனூர் போயி, அங்கிருந்து மானாமதுரை தாண்டி, போய்ச் சேர்றதுக்குள்ள பாதி நோயாளிக்கு நோய் மறந்து இடுப்பு வலி வந்துரும்.

எதிரணியில ஒரு தம்பி பேசுனாரு. "பேரன் பேத்தி முகத்தைப் பார்த்தாப் போதும், வேற என்ன பிடிப்பு வேணும்"னு கேட்டாரு. நல்லாத்தான் பேசுனாரு. எனக்கும் ஒரு பேத்தி இருக்கா தம்பி. கோயம்புத்தூர்ல இருக்கா. ஞாயித்துக்கிழமை போன்ல முகத்தைக் காட்டுவா. மூணு நிமிஷம். அப்புறம் கார்ட்டூன் பார்க்க ஓடிருவா. மிச்சம் இருக்கிற ஆறு நாள், இருபத்துமூணு மணி, ஐம்பத்தேழு நிமிஷத்துக்கு நான் யாரு முகத்தைப் பார்க்குறது? (பலத்த கைதட்டல்)

சிரிச்சது போதும். இனிமே கொஞ்சம் கஷ்டமான விஷயம் சொல்லப் போறேன். டி.வி.யில, இத்தனை ஆம்பளைங்க இருக்கிற சபையில, இதைச் சொல்லலாமான்னு வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன். "உங்கம்மா சொல்லாமதானே செத்துப்போனாங்க, நீயாவது சொல்லிட்டு வா"ன்னாரு. அதனால சொல்றேன்.

எங்கம்மாவுக்கு மாதவிலக்கு நின்னு எட்டு வருஷம் ஆச்சு. அப்புறம் திடீர்னு மறுபடியும் படுது. அவுக யாருகிட்டயும் சொல்லலை. ராத்திரி எல்லாரும் தூங்குனப்புறம் கொல்லைப்பக்கம் போயி சேலையை அலசிப் போடுவாக. நான் அதே வீட்ல, அடுத்த ரூம்ல படுத்திருக்கேன். தண்ணி ஊத்துற சத்தம் கேக்கும். அம்மாவுக்குத் தூக்கம் வரலை போலன்னு புரண்டு படுத்துக்குவேன். ஒண்ணரை வருஷம்ங்கய்யா. ஒண்ணரை வருஷம் அந்தத் தண்ணிச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே தூங்கியிருக்கேன் நான்.

நடுவே ஒரு தடவை பக்கத்து டவுன்ல ஒரு இடத்துல காட்டியிருக்காக. பரிசோதனை எதுவும் இல்லாமலேயே, உடம்புச் சூடுன்னு மாத்திரை கொடுத்து அனுப்பிட்டாக. அம்மாவும் சூடுதானேன்னு வெந்தயத்தை ஊற வச்சு, மோர்ல கலக்கிக் குடிச்சுக்கிட்டு இருந்தாக. அப்ப என் மக கல்யாணம் வேற. நகை, பத்திரிகை, பந்தக்கால்னு நான் பறந்துக்கிட்டு இருக்கேன். கல்யாணம் முடிஞ்ச பத்தாம் நாள் மயங்கி விழுந்தப்புறம்தான் மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். முத்திப் போச்சுன்னுட்டாங்க. 2015-ல இது. கரண்டு வச்சாங்க, தண்ணியா மருந்து ஏத்துனாங்க. பதினாலு மாசம் இருந்தாக, அப்புறம் போயிட்டாக.

கடைசியா ஒருநாள் கேட்டேன். "ஏம்மா, ஆரம்பத்துலயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" அதுக்கு எங்கம்மா, "சொன்னா ஆஸ்பத்திரிக்குப் போகணும்னுவ. யாருடி துணைக்கு வர்றது? நீ கல்யாண வேலையில இருக்க, உன் தம்பி துபாய்ல இருக்கான். தனியாப் போயி அந்தக் கட்டில்ல படுக்கச் சொன்னா எனக்குப் பயம்"னாக.

(அரங்கம் அமைதி)

பணமில்லைன்னு சொல்லலை ஐயா. ஆஸ்பத்திரி தூரம்னு சொல்லலை. துணைக்கு ஆள் இல்லைன்னாக.

அம்மா போனப்புறம் நான் தையல் மெஷினைத் துணி போட்டு மூடிட்டேன். மக கோயம்புத்தூர், மகன் சென்னை. வீட்டுக்காரர் கடைக்குப் போயிருவாரு. நான் திண்ணையில உட்கார்ந்துருப்பேன். சோறு பொங்குவேன், உட்காருவேன். டி.வி. ஓடும், உட்காருவேன். எதிரணி சொல்ற குடும்பம் எல்லாமே எனக்கு இருந்துச்சு. குறையே இல்லை. ஆனா காலையில எந்திரிச்சா எதுக்கு எந்திரிச்சோம்னு தெரியாது.

இப்படி ஒரு வருஷம் போச்சு. 2017-ல ஒருநாள் அடுத்த தெருவுல இருக்கிற ஒரு முஸ்லிம் அக்கா வந்தாக. உள்ள வந்து கதவைச் சாத்துனாக. மாரைத் தொட்டுக் காட்டி, "இங்க நெல்லிக்காய் மாதிரி ஒண்ணு இருக்கு, வலியே இல்லை, உங்கம்மாவுக்கு எங்க காட்டுனீக, நீ கூட வர்றியா?"ன்னாக. அவுக வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருக்காரு. மாமியாகிட்ட சொல்ல வெக்கம். மறுநாள் காலையில முதல் பஸ்ஸுல ரெண்டு பேரும் கிளம்பிட்டோம்.

ஆஸ்பத்திரி வாசல்ல எறங்குறேன், எனக்குக் கையெல்லாம் நடுங்குது. அம்மா போனப்புறம் முதல் தடவையா அங்க போறேன். ஆனா உள்ள நுழைஞ்சா என் கால் பாட்டுக்கு நடக்குது ஐயா! சீட்டு எங்க வாங்கணும், எந்த வரிசை பொம்பளைங்களுக்கு, ஸ்கேனுக்கு எத்தனை மணிக்கு முந்திப் போயி நிக்கணும், சதை எடுத்து டெஸ்ட் பண்ணுனா ரிசல்ட்டுக்கு என்னைக்கு வரணும், காப்பீட்டு அட்டைக்கு ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எத்தனை வேணும், எந்தக் குழாய்ல தண்ணி நல்லாருக்கும், எல்லாம் எனக்குத் தெரிஞ்சிருக்கு! பதினாலு மாசம் எங்கம்மாவுக்காக நடந்த நடையில கத்துக்கிட்டது. அம்மாவைக் காப்பாத்த உதவாத படிப்பு, அந்த அக்காவுக்கு உதவுச்சு. ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சிட்டாங்க. ஆபரேஷன் ஆச்சு, ஊசி மருந்து ஆச்சு. இன்னைக்கு அவுகதான் என்னைச் சென்னை பஸ்ஸுல ஏத்திவிட வந்தாக, கையில பிரியாணிப் பொட்டலத்தோட. (கைதட்டல்)

நடுவர்: பிரியாணி எங்கம்மா?

திண்டிவனம் தாண்டுறதுக்குள்ள முடிஞ்சு போச்சுங்கய்யா. (சிரிப்பு)

நடுவர்: அதுக்கப்புறம் எத்தனை பேரைக் கூட்டிட்டுப் போயிருக்கீங்க?

தையல் அளவு எழுதுற நோட்டுலதான் எழுதி வச்சிருக்கேன். 37 பேர். அதுல பாதிக்கு மேல கேன்சரே இல்லை. வெறும் கட்டி, புண்ணு, ரத்தசோகை. திரும்பி வர்ற பஸ்ஸுல அவுக சிரிக்கிற சிரிப்பு இருக்கே! ஒரு மதினி பார்த்திபனூர்ல எறங்கி எனக்குப் பூ வாங்கிக் கொடுத்தாக, ஏதோ நான்தான் கேன்சரை விரட்டிவிட்ட மாதிரி.

நான் டாக்டர் இல்லை. யாருக்கும் மருந்து சொல்ல மாட்டேன். விலக்கு நின்னவுகளுக்கு மறுபடி பட்டாலோ, விலக்குக்கு நடுவுல பட்டாலோ, புருசன் பொண்டாட்டி சேர்ந்தப்புறம் பட்டாலோ, மார்ல கட்டி இருந்தாலோ, அது வலிக்காட்டியும் சரி, பொயிலை போடுற அப்பத்தாமார்களுக்கு வாய்ப்புண்ணு மூணு வாரத்துல ஆறாட்டியோ, "வாங்க, போவோம்" அப்படிம்பேன். அவ்வளவுதான் நம்ம வைத்தியம்.

எதிரணியில ஒரு சார், "தொண்டு செய்ய மகான்கள் இருக்காங்க, நமக்கு எதுக்கு"ன்னாரு. சார், அந்த மகான்கள் எங்க இருந்து கிளம்புனாங்கன்னு பாருங்க. புதுக்கோட்டையில பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1912-ல சென்னை மருத்துவக் கல்லூரியில பட்டம் வாங்குனவுக. 1927-ல மதராஸ் சட்டசபைக்கே துணைத்தலைவர். அப்பேர்ப்பட்டவுக, கூடப் பொறந்த தங்கச்சிக்குப் புற்றுநோய் வந்தப்ப காப்பாத்த முடியலை. கண்ணு முன்னாடி போயிருச்சு அந்தப் பொண்ணு. அந்த வேதனையை அவுக விடலை. கேன்சர் வந்தாச் சாவுதானே, அதுக்கெதுக்குத் தனியா ஆஸ்பத்திரின்னு நினைச்ச காலம் அது. இந்திய மாதர் சங்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கிட்டு, நிதி திரட்டி, 1952-ல நேருவைக் கொண்டு அடிக்கல் நாட்டி, 1954-ல அடையாறுல திறந்தாங்க. எத்தனை படுக்கை தெரியுமா? 12. எங்க ஊர் கல்யாண மண்டபத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க படுக்கிறதுக்கே அதைவிட அதிகமாப் பாய் விரிப்போம். (சிரிப்பு) அன்னைக்கு அவுகளுக்கு வயசு 67. எதிரணி சொல்ற கணக்குப்படி பேரப்பிள்ளைகளோட விளையாட வேண்டிய வயசு!

அந்தப் பன்னிரண்டு படுக்கைக்குத்தான் டாக்டர் சாந்தா அம்மா வந்தாங்க. எழும்பூர்ல அரசாங்க வேலை கிடைச்சும் அதை வேண்டாம்னுட்டு வந்தாங்க. ஆரம்பத்துல சம்பளமே இல்லாம வேலை பார்த்தாங்க. முத்துலட்சுமி அம்மாவோட மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் அவங்களும்தான் அந்த இடத்தை வளர்த்தாங்க. 2005-ல மகசேசே விருது, 2016-ல பத்ம விபூஷண். 2021 ஜனவரியில தன்னோட 93-ஆவது வயசுல காலமாகுற வரைக்கும் அவங்களுக்கு அந்த வளாகம்தான் வீடு. கல்யாணம் பண்ணிக்கலை. அவங்களுக்கு வாழ்க்கையில பிடிப்பு இல்லாமலா இருந்துச்சு?

சரி, அவங்க டாக்டர். படிக்காத நமக்கு என்ன வேலைன்னு கேப்பீங்க. அதுக்குத்தான் திண்டுக்கல் கதை. வார்டுல ஒரு நர்ஸம்மா எனக்குச் சொன்னாக. 2000-த்துல இருந்து திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்கள்ல ஒரு பெரிய ஆய்வு நடந்துச்சு. பயிற்சி கொடுத்த நர்ஸுகள் ஊர் ஊராப் போயி, 30-லிருந்து 59 வயசு வரைக்கும் உள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயைச் சோதிச்சாங்க. பெரிய மெஷின் கிடையாது. சமையல்ல ஊத்துற வினிகர் இருக்கே, அந்த மாதிரி அமிலத்தைப் பஞ்சுல தொட்டு வச்சுட்டு ஒரு நிமிஷம் பார்க்கணும். கோளாறு இருக்கிற இடம் வெள்ளையாத் தெரியும். தெரிஞ்சா அங்கேயே சின்னதா ஒரு வைத்தியம், இல்லாட்டி மேல் சிகிச்சைக்கு அனுப்புறது. இந்தப் புற்றுநோய் ஒரே ராத்திரியில வர்றதில்லை. பத்து, பதினஞ்சு வருஷம் எடுத்து மெதுவா வளர்றது. அதனாலதான் முந்திப் பார்த்தா தடுத்துரலாம். அந்தத் திண்டுக்கல் கிராமங்கள்ல ஏழு வருஷத்துல நோய் வர்றது 25 சதவீதம் குறைஞ்சுது, சாவு 35 சதவீதம் குறைஞ்சுது. 2007-ல லான்செட்னு உலகமே படிக்கிற மருத்துவப் பத்திரிகையில வந்துச்சு.

இதுல நம்ம கவனிக்க வேண்டியது வேற ஒண்ணு. அந்த ஆய்வுல கூப்பிட்டது 49,311 பெண்களை. வந்தது 31,343 பேர். காசு வாங்கலை, கிராமத்தைத் தேடி வந்தாங்க, அப்படியும் பதினேழாயிரத்துச் சொச்சம் பேர் வரலை. நர்ஸம்மா இந்தக் கணக்கைச் சொன்னப்ப எனக்கு எங்கம்மா ஞாபகம்தான். அந்தப் பதினேழாயிரம் பேர்ல எத்தனை பேரு ராத்திரி எந்திரிச்சு சேலையை அலசிக்கிட்டு இருந்தாகளோ! அவுகளைக் கூட்டிட்டு வர டாக்டர் வேணுமா ஐயா? பக்கத்து வீட்டுக்காரி போதாதா? (நீண்ட கைதட்டல்)

கைதட்டாதீங்க. எல்லாம் ஜெயிச்ச கதைன்னு நினைச்சுக்கிட்டுக் கைதட்டுறீங்க. தோத்ததையும் சொல்லணும்ல.

மிளகாய்க் காட்டுக்குக் கூலிக்குப் போற ஒரு தங்கச்சி. ரெண்டு பிள்ளைக. ஆஸ்பத்திரிக்கு வந்துச்சு, சதை எடுத்தாங்க, கேன்சர்னு ஆயிருச்சு. குணப்படுத்துற கட்டம்தான். கரண்டு வைக்கணும்னாங்க. கரண்டுன்னா ஒருநாள் வேலை இல்லை. வாரத்துக்கு அஞ்சு நாள், அஞ்சு வாரம். அபிராமத்துல இருந்து தினம் போயிட்டு வர முடியுமா? மதுரையில தங்கணும். அப்ப பங்குனி மாசம். பழம் பறிக்கிற காலம். வருஷத்துல அந்த ஒண்ணு ரெண்டு மாசக் கூலியிலதான் அந்த வீட்ல கடன் அடையும். "பழம் முடிஞ்சதும் வர்றேன்க்கா"ன்னுச்சு. நானும் சரின்னுட்டேன். அந்த 'சரி'யை நான் சொல்லியிருக்கக் கூடாது. பழம் முடிஞ்சுது, அப்புறம் ஒரு சடங்கு வந்துச்சு, அப்புறம் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறந்துச்சு. அந்த வருஷம் கார்த்திகையில தூக்கிட்டுத்தான் போனோம். பிரயோஜனம் இல்லை.

அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. பஸ்ஸுல கூடப் போயிட்டு வர்றது மட்டும் துணை இல்லை. வீட்ல பிள்ளைக்கு யாரு சோறு போடுறது, ஆட்டை யாரு அவுத்துக் கட்டுறது, கூலி போச்சுன்னா அஞ்சு வாரத்துக்கு அரிசிக்கு என்ன வழி, அதெல்லாம் சேர்ந்ததுதான் துணை. அடுத்த ஆளுக்குக் கரண்டு வைக்கிறப்ப நாங்க ஆறு வீடு சேர்ந்துக்கிட்டோம். நாளைக்கு ஒரு வீட்ல பிள்ளைகளுக்குச் சாப்பாடு. கோயில் கமிட்டியில அரிசி கொடுத்தாக, ஜமாத்துல தங்குற செலவுக்குக் கொடுத்தாக. எங்க வீட்டுக்காரர் காலையில சைக்கிள்ல போயி அவுக ஆட்டை அவுத்து விட்டுட்டு வந்தாரு. கல்யாணமாகி முப்பது வருஷத்துல எங்க வீட்ல ஒரு தம்ளரைக் கழுவாத மனுசன்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) குடும்பமா தொண்டான்னு கேக்குறீகளே, இந்தத் தொண்டுலதான் எனக்கு என் புருசனையே தெரிய வந்துச்சு.

இது எங்க ஊர்ல மட்டும் நடக்குற அதிசயம் இல்லை. கேரளாவுல 1993-ல கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் எல்லாம் சேர்ந்து வலி நிவாரண கிளினிக் ஆரம்பிச்சாங்க. குணமாக்க முடியாத நோயாளியை "இனிமே ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு வீட்டுக்கு அனுப்பிருவாங்கல்ல, அவுகளுக்காக. அப்புறம் மலப்புரம் பக்கம் அந்தந்த ஊர் ஜனங்களே பயிற்சி எடுத்துக்கிட்டு, ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, வீடு வீடாப் போயிப் புண்ணைத் துடைக்கிறதும், கட்டுப் போடுறதும், பக்கத்துல உட்கார்ந்து பேசுறதுமா வளர்த்தாங்க. 2008-ல அந்த மாநில அரசாங்கமே அதுக்குத் தனிக் கொள்கை கொண்டு வந்துச்சு. நம்ம தமிழ்நாட்டுலயும் 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம்னு ஆரம்பிச்சப்ப, படுத்த படுக்கையா இருக்கிறவங்களை வீட்ல போயிப் பார்க்கிறதையும் சேர்த்தாங்க. எங்க தெருவுக்கு வர்ற பொண்ணு கூட நானும் போறேன். அது ரத்தக்கொதிப்பு பார்க்கும், நான் ஊர்க்கதை பேசுவேன். எந்த வைத்தியத்துல கொதிப்பு குறையுதுன்னு எங்களுக்குள்ள போட்டி. (சிரிப்பு)

ரயில்வேக்காரங்களுக்குக்கூடத் துணையோட அருமை தெரிஞ்சிருக்கு ஐயா. கேன்சர் நோயாளி சிகிச்சைக்குப் போறப்ப, ஆஸ்பத்திரிச் சான்றிதழ் இருந்தா, படுக்கை வசதிப் பெட்டியில அவுகளுக்கு டிக்கெட்டுக் காசே இல்லை. கூடப் போற ஒரு ஆளுக்கும் முக்கால்வாசி தள்ளுபடி. பரமக்குடியில சேது எக்ஸ்பிரஸ் ஏறி அடையாறுக்குப் போனப்ப இது தெரியாம முழுக்காசு கொடுத்த ஜனங்க எங்க ஊர்ல எத்தனையோ பேர். தெரிஞ்சவுக தெரியாதவுகளுக்குச் சொல்லுங்க.

நடுவர்: அம்மா, நேரம் ஆச்சு...

முடிச்சிட்டேன் ஐயா. எனக்கும் நேரம் ஆச்சு. இன்னைக்கு ராத்திரியே பஸ் ஏறியாகணும். எங்க தெருக்கோடியில ஒரு அத்தை இருக்காக. எங்கம்மா வயசு. போன மாசம் அவுக வீட்டு வழியாப் போறேன், விடியக்காலம், கொல்லையில தண்ணி ஊத்துற சத்தம். நான் நின்னுட்டேன். கேட்டதுக்கு, "சூடு, வேற ஒண்ணுமில்லை"ன்னாக. மூணு தடவை போயிப் பேசிட்டேன், வர்றேன்னு சொல்லலை. நாளைக்குக் காலையில எறங்கினதும் வீட்டுக்குப் போக மாட்டேன், நேரா அங்கதான் போறேன். இந்த நிகழ்ச்சி டி.வி.யில வர்றப்ப அவுகளும் பார்ப்பாக. அதுக்கு முந்தி நான் அவுகளை மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிரணும்.

வரட்டுங்களா ஐயா.

(கைதட்டல்)